விளக்கு வைத்தபின் டேட்டா கிடையாது

இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் யார் உப்புக் கேட்டு வருகிறார்கள்? சீனி, தீப்பெட்டி, ஊசி நூல், எதையும் யாரும் கேட்பதில்லை. எல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கடையில் தொங்குகிறது. இரவல் கேட்கிற ஒரே சாமான் டேட்டாதான். அதனால்தான், விளக்கு வைத்த பிறகு வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கக் கூடாது என்கிற பழைய வழக்கத்தைக் கொண்டுபோய் நடராஜா மாமா டேட்டாவின் தலையில் கட்டினார். நானும் முதலில் கேட்டுவிட்டுச் சிரித்தவள்தான். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

எங்கள் வீடு ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயத்தை உடைத்துவிட்டுக் கட்டிக் கொடுத்த தனி வீடுகள், ஒரே வரிசை. நான் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிற்கிறேன். போன்களுக்கு ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது, டேட்டா முடிந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானம் பண்ணுவது, இதுதான் என் வேலை. ஊருக்கெல்லாம் டேட்டா போட்டுக் கொடுக்கிற எனக்கு என் வீட்டில் கவரேஜ் கிடையாது. மலை மறைக்கிறது. பகலில் எப்படியோ ஒரு கோடு தெரியும். சாயங்காலம் ஆனால் வேலை விட்டு வந்த சனம் மொத்தமும் இருக்கிற ஒரு டவரில் தொங்கும். போனில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்கிற நமக்குத்தான் தலை சுற்றும்.

வரிசையின் கடைசி வீடு மட்டும் வளைவில், டவரைப் பார்த்தபடி நிற்கிறது. அதுதான் நடராஜா மாமாவின் வீடு. அங்கே கூரையில் அன்டனாவும் உள்ளே ரவுட்டரும் பூட்ட வைத்தது அவர் மனைவி கமலாட்சி மாமி. எங்கள் வரிசைக்கே முதல் ரவுட்டர் அது.

மாமா லொறி டிரைவர். முனாஸ் முதலாளியின் லொறியை எடுத்துக்கொண்டு மத்தியானம் போனால், தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி ராவோடு ராவாகக் கொழும்பில் இறக்கிவிட்டு, விடிந்த பிறகு வந்து தூங்குவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே ஓட்டம்தான். பிள்ளைகள் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் நாலந்தாவில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் லொறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

"விளக்கு வச்சாச்சா?"

"வச்சாச்சு. சாப்புட்டுப் போட்டு ஓட்டுங்க."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ரவுட்டர் எதற்கு என்று மாமா கேட்டபோது, நாடகம் பார்க்க என்று மாமி சொல்லியிருந்தார். என்னிடம் சொன்ன காரணம் வேறு. "அவரு லொறியோட போயிட்டா இந்த வீட்டுல பல்லிதான் பேசுது சுதா," என்றார். ரவுட்டர் வந்த முதல் வாரமே வரிசை முழுவதும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தது. படிக்கிற பிள்ளைகள், கட்டாரில் புருஷன் இருக்கிற ரஜனி, சும்மா பாட்டுக் கேட்க வருகிறவர்கள், எல்லோரும். என் புருஷன் சசிக்குமார் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் குசினி வேலை. மாதத்தில் ஓரிரு தடவைதான் வீட்டுக்கு வருவார். இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்குவதற்கு முன்னால் அவருக்கு அரை மணித்தியாலம் ஓய்வு. அது சரியாக விளக்கு வைக்கிற நேரம். நானும் மகள் விதுஷாவும் அவர் முகத்தைப் பார்த்ததெல்லாம் மாமியின் முன்னறையில் இருந்துதான்.

முன்னறை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விளக்கு வைக்கும்வரை விறாந்தையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வைத்த பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். அது மாமியின் சட்டம்.

"வெளிய குடுத்தாத்தான் குத்தம். உள்ள வந்து இருந்து எடுத்துக்கிட்டா அதுல என்ன இருக்கு?" என்பார்.

"வைஃபை சுவரத் தாண்டி வெளிய போகாதா மாமி?" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன்.

"அது மகாலெச்சுமிக்குத் தெரியாது. நீ போய்ச் சொல்லாம இருந்தாச் சரி."

அத்தனை பேர் இழுத்தால் எந்த டேட்டா தாங்கும்? மாதம் பாதி தாண்டும் முன்பே பெக்கேஜ் முடிந்துவிடும். முடிந்தாலும் லைன் நின்றுவிடாது, நொண்டி நொண்டி நடக்கும். படம் நின்று குரல் மட்டும் வரும், அப்புறம் குரலும் போய்விடும். மறுநாள் காலையில் மாமி என் கடைக்கு வந்து எக்ஸ்ட்ரா டேட்டா போடச் சொல்லுவார். "அவருக்குச் சொல்லிறாத," என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். மாமா விடுவாரா? "ஒத்தப் பொம்பள எப்புடி இம்புட்டையும் முடிக்கிற?" என்று நாலந்தாவிலிருந்து போனில் கத்துவார். "நாடகம் பாக்குறேன்ல," என்பார் மாமி. பின்னால் பிள்ளைகள் போடுகிற கூச்சல் அவருக்குக் கேட்கும். என்ன சத்தம் என்றால் அதுவும் நாடகம்தான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

போன வருஷம் ஐப்பசி மழையில் மாமி விழுந்தார். பிரஷர். ஓட்டோவில் தூக்கிப் போட்டு மாத்தளைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய போன் என் கையில் இருந்தது. அது அடித்தது. எடுத்தேன்.

"விளக்கு வச்சாச்சா?" என்றார் மாமா.

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. அழுதேன் என்று மட்டும் தெரியும்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் மாமா லொறிச் சாவியை முனாஸ் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். முதலாளி எவ்வளவோ கேட்டும் போகவில்லை. போய் நாலந்தாவில் நிறுத்தி யாருக்குப் போன் போடுவது என்று நினைத்திருப்பார். பகலில் பழையபடி விறாந்தைக்கு நாலு பேர் வந்தார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதருக்குப் பேசத் தெரியாது. ரோட்டையும் எஞ்சினையும் தவிர வேறு பேச்சு அவரிடம் இல்லை. கதிரையில் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். பொழுது சாய்ந்ததும் எழுந்து போய்க் கைகால் கழுவி, மாமி வைத்த இடத்திலேயே விளக்கை வைப்பார். திரியை எவ்வளவு இழுத்துவிடுவது என்று தெரியாமல் சாமிப் படத்தையெல்லாம் கரி பிடிக்க வைத்திருந்தார். விளக்கு எரிந்ததும் நேராக ரவுட்டரிடம் போய் பிளக்கைக் கழற்றுவார்.

"விளக்கு வச்சாச்சு. இனிமே குடுக்க ஏலாது. விடியட்டும், காலையில வாங்க."

மாமி இருந்தபோது உப்போ ஊசியோ ஏதோ ஒன்றை அவர் விளக்கு வைத்த பிறகு எடுத்துக் கொடுக்கப் போய் நல்லா ஏச்சு வாங்கியிருக்கிறார் போல. புதுமாப்பிள்ளைக் காலத்தில், லொறி ஓடாத ஒரு நாளில். அந்த ஒன்றைத்தான் மனிதர் பிடித்து வைத்திருந்தார். மாமியின் வீட்டில் மாமியின் வழக்கம் ஒன்றும் குறையக் கூடாது என்கிற பிடிவாதம். அது புரிந்தது. ஆனால் ஊருக்கு டேட்டா தேவைப்படுகிற நேரமே விளக்கு வைக்கிற நேரம்தானே? கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் குறைந்தார்கள். ரஜனி கடைப்பக்கம் நின்று பேசிப் பழகினாள். பிள்ளைகள் கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். நான் மட்டும் ரோசம் கெட்டுப்போய், விளக்குக்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில் சசிக்குமாருக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு வருவேன்.

பிறகு விதுஷாவின் பிறந்தநாள் வந்தது.

பெரிய விழா ஒன்றும் இல்லை. டவுனில் இருந்து ஒரு பட்டர் கேக் வாங்கி வந்திருந்தேன். வேலை தொடங்க முன்னம் போனில் வருகிறேன், நான் பார்க்கத்தான் வெட்ட வேண்டும் என்று சசிக்குமார் சொல்லியிருந்தார். வீட்டில் வட்டம் சுற்றியது. படியில் சுற்றியது. கிணற்றடியில் சுற்றியது. கேக்கை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வளைவுக்கு ஓடினேன். நாங்கள் விறாந்தையில் ஏறவும் மாமா குனிந்து பிளக்கைக் கழற்றவும் சரியாக இருந்தது.

"மாமா, ஒரு அஞ்சு நிமிசம். புள்ளைக்குப் பொறந்தநாளு. அப்பா லைன்ல நிக்கிறாரு."

"விளக்கு வச்சாச்சு தாயி."

"தெரியுது மாமா. அஞ்சே நிமிசம்."

"மாமி இருந்தா குடுப்பாளா? நீயே சொல்லு. அவ ஒரு நாளும் விளக்கு வச்சு எதையும் வெளிய குடுக்க மாட்டா."

எனக்கு மூக்கு மேலே கோபம் வரும். அன்றைக்குத் தலைக்கு மேலே வந்தது.

"குடுத்தாங்க!" என்று கத்தினேன். "தினமும் குடுத்தாங்க! விளக்கு வச்ச கையோட எங்கள உள்ள கூப்புட்டு இருத்தி வச்சுத்தான் குடுத்தாங்க! நாலந்தாவுல இருந்து நீங்க போன் போடையில நாங்க அம்புட்டுப் பேரும் இந்த அறையிலதான் இருந்தோம். நீங்க கேட்டது நாடகச் சத்தம்னா நெனச்சீங்க? அது எங்க சத்தம்!"

மாமா பிளக்கைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு முன்னறையைப் பார்த்தார். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"தினமுமா?"

"தினமும்."

கீழே குந்தி பிளக்கைத் திரும்பச் சொருகினார். இரண்டு தடவை தவறியது. ரவுட்டர் உடனே வருமா? சிவப்பு எரிந்து, மஞ்சள் எரிந்து, பச்சை மினுங்கி, நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். லைன் கிடைத்தபோது சசிக்குமாரின் மெசேஜ் ஒன்று வந்து விழுந்தது. வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். நாளைக்குப் பேசுகிறாராம். விதுஷா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேக்கைத் தூக்கிக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வளைவுப் பக்கமாக வரும்போது பார்த்தேன். மாமாவின் கதவு அகலத் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது, ரவுட்டரும் பச்சையாக எரிந்தது. முன்னறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். எங்கிருந்தோ ஒரு பாயும் எடுத்து விரித்திருந்தார். நான் நேரே பார்த்து நடந்துவிட்டேன். கோபம் ஆறவில்லை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதே தெரியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் போகிற பழக்கம் எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எதிர்மலையில் வருஷம் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்த புது டவர் சித்திரைக்கு முன்னமே வேலை செய்ய ஆரம்பித்தது. வரிசை முழுக்கக் கவரேஜ் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர் ஏறியது. எங்கள் வீட்டிலும்தான். பாயில் சாய்ந்து படுத்தபடி சசிக்குமாரிடம் பேச முடிந்தது. இப்போது விளக்கு வைத்த பிறகு எங்கள் வரிசையில் நடந்து பார்த்தால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். உள்ளே இருந்து போன் சத்தம் மட்டும் வரும்.

மாமா மாதத்துக்கு ஒரு தடவை கடைக்கு வருவார். அவர் பெக்கேஜ் கணக்கைப் பார்த்துச் சொல்கிறது என் வேலை.

"எவ்வளவு மிச்சம் சுதா?"

"நெறைய இருக்கு மாமா. தொட்ட மாதிரியே இல்ல."

"இந்த மாசமும் முடியலையா?"

ஏதோ பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரிக் கேட்பார். மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேராது, மாதக் கடைசியில் அழிந்துவிடும் என்று முதல் தடவை நான் சொன்னபோது, "அப்ப யாருக்காச்சும் குடுக்க முடியாதா?" என்றார். முடியாது என்றேன். டேட்டா முடிகிறது என்று என்னிடம் சண்டைக்கு வராத ஆள் கிடையாது. முடியவில்லை என்று வருத்தப்பட்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

போன வாரமும் ஒரு நாள் காலையில் வந்தார். பள்ளிக்கூடம் இல்லாததால் விதுஷாவும் கடையில் இருந்தாள். மிச்சத்தைச் சொன்னேன். போகாமல் நின்றார். தன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நம்ம வீட்டு வைஃபைல யாராச்சும் சேர்ந்திருந்தா இதுல தெரியுமா?"

"தெரியும் மாமா. வீட்டுல எத்தன போன் சேர்ந்திருந்துச்சுன்னு காட்டும்." பார்த்தேன். "ஒன்னு காட்டுது."

மாமாவின் முகம் மாறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு வெளிச்சம் வந்தது.

"யாரு அது?"

"அது ஒங்க போன்தான் மாமா."

"ஆங்," என்றார். "சரிதான். வேற எது இருக்கப் போகுது." போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஆளுக்கு ரீலோட் தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டு ஏச்சும் வாங்கினேன். மாமி பல்லி பேசுகிறது என்று சொன்ன அதே வீட்டில் இப்போது இவர் இருக்கிறார், இவருக்குப் பல்லியோடு பேசவும் தெரியாது என்பதே திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவில் யாரோ தட்டுகிற சத்தம். எங்கள் வரிசையில் இப்போது யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. வருகிறேன் என்று போனில் மெசேஜ் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். திறந்தால் நடராஜா மாமா. தலையை வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். நிலைப்படிக்கு வெளியே நன்றாகத் தள்ளி நின்றார்.

"சுதா, டேட்டா முடிஞ்சிருச்சும்மா. கொஞ்சம் தர்றியா?"

பின்னால் விதுஷா வாயைத் திறந்தாள். "தாத்தா, காலையிலதான அம்மா..."

நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த நேரத்துல வந்து கேக்குறீங்களே மாமா," என்றேன். "விளக்கு வச்சாச்சே. வெளிய குடுக்க ஏலாதே."

அவர் தலையைக் குனிந்தார். "ஆமா. நான் அத யோசிக்கல. சரி, காலையில..." என்று திரும்பப் போனார்.

"வெளியதான் குடுக்க ஏலாது. நீங்க உள்ள வாங்க."

மாமா என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை எந்த வீட்டில் இருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிலைப்படியைத் தாண்டி வந்து, சுவரோரம் இருந்த கதிரையில் நுனியில் அமர்ந்தார். நான் குசினிக்குப் போய், பால் போடாத பிளேன்டிக்குத் தண்ணீர் வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வைத்தேன்.

முன்னறையில் விதுஷாவின் குரல் கேட்டது. "போனக் குடுங்க தாத்தா, பாஸ்வேர்ட் போட்டுத் தர்றேன்."

எட்டிப் பார்த்தேன். மாமா சட்டைப் பையைத் தடவினார். சாரத்து இடுப்பைத் தடவினார். திரும்பச் சட்டைப் பையைத் தடவினார். போன் இல்லை.

"வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் போல," என்றார்.

"ஓடிப்போய் எடுத்துக்கிட்டு வரட்டா?"

"வேணாம்மா," என்றார் மாமா. கதிரையில் கொஞ்சம் உள்ளே தள்ளி, முதுகு படும்படி சாய்ந்து அமர்ந்தார். "ஒங்க டேட்டா இருக்கட்டும். முடிஞ்சிரப் போகுது."